முருங்கையடியில் நாலாவது குழி

1. நின்று நின்று துடித்த நெஞ்சு

ஸ்டெதாஸ்கோப்பில் லப்-டப், லப்-டப் என்று கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. சரி, முடிந்துவிட்டது என்று நான் நிமிரப் போகும்போது மறுபடி ஒரு லப்-டப். மேஜைமேல் கிடந்த மஞ்சள் பூனையின் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அடுத்த துடிப்பு வரவே இல்லை.

கால்நடை டாக்டராகத் திருத்தணி வட்டாரத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது அரக்கோணம் ரோட்டில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். அரசு வேலையில் இருந்தவரை மாடும் ஆடும்தான். யாராவது பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தால் வாசலில் நிற்கும் மாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். இன்றைக்கு என் கிளினிக்குக்கு நாயும் பூனையும்தான் அதிகம் வருகின்றன. புதிதாகப் படித்து வருகிற டாக்டர்கள் போன் போட்டு, "மேடம், பூனை விஷக் கேஸ் எப்படிப் பார்ப்பீங்க?" என்று கேட்கிறார்கள். மருந்துப் பெயரைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

அந்த மஞ்சள் பூனையைக் கட்டைப்பையில் போட்டுத் தூக்கி வந்தவள் மாலதி. அரக்கோணத்தில் ரயில்வேக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். கர்ப்பம், நடுவில் ரத்தம் பட்டுவிட்டது என்று படுத்தே இருக்கச் சொல்லி, திருத்தணி மலையடிவாரத் தெருவில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். படுத்திருக்க வேண்டியவள் பூனைக்காக ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். நான் அதற்கே ஒரு திட்டுத் திட்டினேன்.

அவளுடைய அம்மா சரோஜம்மா உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே நின்றார்.

"போயிடுச்சா?" என்று கேட்டார்.

"போயிடுச்சும்மா."

பூனை செத்தது என்று சொன்னால் சிலர் அழுவார்கள், சிலர் பீஸைக் கேட்பார்கள். சரோஜம்மா அன்றைக்குத்தான் நன்றாக மூச்சு விட்டதுபோல் ஒரு பெருமூச்சு விட்டார். "நல்லா போவட்டும், புண்ணியவதி" என்றார். பிறகு மகளின் தலையைச் சுற்றி இரண்டு கையையும் எடுத்துத் தன் நெற்றியில் வைத்துச் சொடுக்கினார். விரல் முட்டியெல்லாம் படபடவென்று முறிந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. செத்த பூனை மேஜையில் கிடக்க, திருஷ்டி கழிப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை.

2. தேவராஜ் சொன்ன கணக்கு

அடுத்த மாதம் அதே வீட்டிலிருந்து இன்னொரு பூனை வந்தது. வெள்ளையும் சாம்பலுமாக ஒன்று. அதே வாந்தி, அதே எச்சில், அதே நின்று நின்று துடிக்கிற நெஞ்சு. பிழைக்கவில்லை. அதற்கடுத்த மாதம் மூன்றாவது. அதுவும் அப்படியே.

விஷம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியவில்லை. எலி மருந்து வைத்தீர்களா, கொசுவத்தி லிக்விடை நக்கியதா, பக்கத்து வீட்டில் யாருக்காவது பூனைமேல் கோபமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை.

"வீட்ல என்னென்ன செடி வெச்சிருக்கீங்க? அரளி இருக்கா? குரோட்டன்ஸ், மணி பிளான்ட், தொட்டியில லில்லி, அந்த மாதிரி?"

"செடியே கிடையாது மேடம்" என்றாள் மாலதி. "பின்னால ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை. அவ்வளவுதான்."

மூன்றாவதை அறுத்துப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். சரோஜம்மா விடவில்லை. "அதுங்க மேல கத்தி வெக்காதீங்க டாக்டரம்மா. பாவம் வரும்" என்று துணியில் சுற்றி மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு போனார். அந்த அணைப்பில் பாசம் இருந்தது. அதுதான் எனக்குப் புரியவில்லை. பூனையை வெறுக்கிற வீடு என்றால் எனக்குப் பழக்கம். இவர் ஒவ்வொன்றுக்கும் பால் ஊற்றி, மீன் வாங்கிப் போட்டு, தலைக்கு மேல் வைத்து வளர்க்கிறார். ஒன்று செத்தால் அழாமல் இன்னொன்றைத் தேடிக் கொண்டுவருகிறார்.

என் உதவியாளர் தேவராஜ் ஆர்.கே.பேட்டைக்காரர். என்னோடு அரசு மருந்தகத்தில் இருந்தவர், நான் கிளினிக் போட்டதும் கூடவே வந்துவிட்டார். மாட்டின் கொம்பைப் பிடித்து அடக்குவார், பல்லியைப் பார்த்தால் நகர்ந்து நிற்பார். அவர்தான் சொன்னார்.

"மேடம், நீங்க திட்டுவீங்க. சொல்லிடவா?"

"திட்டுறதா இருந்தா அப்புறம் திட்டுறேன். சொல்லுங்க."

"மூணும் கிருத்திகை கழிச்சிதான் வந்துது. கிருத்திகை போவும், ரெண்டு நாள்ல அந்த வூட்லேர்ந்து பூனை வரும். அந்த வூட்ல இன்னாமோ கீது மேடம்."

திட்டினேன். திட்டிவிட்டு அவர் டீ வாங்கப் போன நேரத்தில் சுவர்க் காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாக இருந்தது. முருகன் கோயில் ஊரில் கிருத்திகைக்குக் கிருத்திகை கூட்டம் வரும், பஸ் நிறையும், பூ விலை ஏறும். பூனை சாவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

3. நடுப்பகலில் அந்த வீடு

ஆனி மாதக் கிருத்திகை முடிந்து இரண்டாம் நாள் மாலதியிடமிருந்து போன் வந்தது. அழுதுகொண்டே பேசினாள்.

"மேடம், மிளகு வாந்தி எடுக்குது. அம்மா ஆட்டோ கூப்பிட மாட்டேங்குறாங்க. நீங்க வரீங்களா?"

மிளகு அவள் அரக்கோணத்தில் வளர்த்த கறுப்புப் பூனை. அவள் கணவர் அந்த வாரம்தான் கொண்டுவந்து விட்டிருக்கிறார். பையில் மருந்தைப் போட்டுக்கொண்டு தேவராஜின் வண்டியில் கிளம்பினேன்.

உச்சி வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. மேலே மலையிலிருந்து மைக்கில் ஏதோ பாட்டு காற்றுக்குத் தகுந்தபடி வருவதும் போவதுமாக இருந்தது. முன்கதவு தாழ்ப்பாள் போட்டிருந்ததால் பக்கத்துச் சந்து வழியாகப் பின்பக்கம் போனோம்.

முருங்கை மரத்தடியில் மூன்று சின்ன மண்மேடுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தது. அவற்றுக்குப் பக்கத்தில் நாலாவதாக ஒரு குழி. அன்று காலைதான் வெட்டியிருக்க வேண்டும், மண் ஈரம் காயவில்லை. சுற்றிலும் தண்ணீர் தெளித்துக் கோலமும் போட்டிருந்தது. கடப்பாரை மரத்தில் சாய்ந்து நின்றது.

பூனை உள்ளே இன்னும் உயிரோடு இருக்கிறது.

தேவராஜ் என் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். எனக்கும் அந்தக் குழியைத் தாண்டிப் போக மனசில்லை, சுற்றிக்கொண்டுதான் போனேன்.

பூஜை அலமாரிக்கு முன்னால் சிவப்புச் சிமென்ட் தரையில் மிளகு நீட்டிப் படுத்திருந்தது. கண் முழுக்கத் திறந்து முருகன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் சரோஜம்மா உட்கார்ந்து அதன் காதுக்குப் பின்னால் தடவிக்கொடுத்து, "பயப்படாத நைனா, வலிக்காது, போயிட்டு வா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளையைத் தூங்கவைக்கிற குரல். மாலதி சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நெஞ்சில் ஸ்டெத்தை வைத்தேன். அதே துடிப்பு. அட்ரோபின் ஊசியை எடுத்தேன். சரோஜம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் டாக்டரம்மா. அது மனசார ஏத்துகினு இருக்குது. நடுவுல புகுந்து கெடுக்காதீங்க."

"எதை ஏத்துக்குது?"

"இவளுக்கு வர்றதை."

கையை விடுவித்து ஊசியைப் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, நிதானமாகச் சொன்னார்.

"பெரியவ இருந்தா, கமலான்னு. பிரஷர் ஏறி, ஃபிட்ஸ் வந்து, பிரசவத்துலயே போயிட்டா. கொழந்தையும் தங்கல. இவளுக்கும் ரத்தம் பட்டுச்சின்னு சொன்னதும் என் உசுரு என்கிட்ட இல்ல. கிருத்திகைக்குக் கிருத்திகை மலையேறி வரேன்னு வேண்டிகினேன். மொத கிருத்திகை கழிச்சி அந்த மஞ்சப்பூனை செத்துது பாருங்க, அன்னிலேர்ந்து இவளுக்கு ரத்தம் நின்னுச்சி. நின்னுச்சா இல்லியா, நீயே சொல்லுடி."

மாலதி சுவரோடு சரிந்து மிளகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நானா ஒண்ணும் செய்யல டாக்டரம்மா. என் கண்ணால பாத்தேன். ஒண்ணொண்ணும் தானா எழுந்து பின்னால போவும். சாமி பூத்தண்ணி குண்டான்ல வெச்சிருக்கேன், அதுல நாலு வாய் குடிக்கும். குடிச்சிட்டு நேரா வந்து சாமி முன்னாடி படுத்துக்கும். யாரு சொல்லித் தந்தாங்க அதுக்கு? உத்தரவு வாங்கிகினு போற மாதிரி போவும்."

"என்ன பூத்தண்ணி?"

"மலைலேர்ந்து கொண்டாற மாலைங்க. படத்துக்குப் போட்டு, வாடினப்புறம் குப்பைல போட முடியுமா? கால்ல படக்கூடாது இல்ல? தண்ணில ஊறப் போட்டு, அழுவினதும் மரத்துக்கு ஊத்திடுவேன்."

"மாலையில என்ன பூ?"

"முருகனுக்கு வேற இன்னா? செவ்வரளிதான்."

எழுந்து பின்கட்டுக்குப் போனேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அகலவாய்ப் பித்தளைக் குண்டான் இருந்தது. தண்ணீர் செம்பழுப்பாக இருந்தது. அரளிப் பூவும் மொட்டும் இலையும் நாரோடு ஊறிக் கிடந்தன. விளிம்பில் இரண்டு கறுப்பு முடி ஒட்டியிருந்தது. அவர் தெய்வச் செயலுக்குச் சாட்சியாகச் சொன்ன காட்சியும் நான் இத்தனை மாதமாகத் தேடிய விஷமும் ஒரே பாத்திரத்தில் இருந்தன.

அரளியில் பூ, இலை, பட்டை எல்லாமே விஷம். அது ஊறிய தண்ணீரும் விஷம். வெயில் காலத்தில் பூனைக்குக் கிண்ணத்துத் தண்ணீரைவிட அகலப் பாத்திரத்துத் தண்ணீர் பிடிக்கும். நெஞ்சு பலவீனமானதும் குளிர்ந்த தரையைத் தேடும். அந்த வீட்டில் குளிர்ந்த தரை பூஜை அலமாரிக்கு முன்னால்தான். இவ்வளவையும் நான் சொன்னேன். நான் செடியைத்தான் கேட்டேன், அவர்கள் உண்மையாகவே செடி இல்லை என்றார்கள். மாலையில் தொங்குகிற அரளியை யாரும் செடிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மாலதி அம்மாவிடம் கேட்டாள். "மிளகை நீதான் அவர்கிட்டச் சொல்லிக் கொண்டாரச் சொன்னியா?"

"ஆங். சொன்னேன்."

"ஏம்மா?"

"தெருப்பூனை எதுவும் அம்புடல. அதுவுமில்லாம, உன் கையில சோறு தின்னது. உனக்கு இன்னும் கெட்டியா நிக்கும்னு நெனச்சேன்."

சொல்லும்போது அவர் குரலில் குற்ற உணர்வே இல்லை. கொடுமைக்காரி என்று சொல்லவும் வாய் வரவில்லை, ஏனென்றால் அவர் கண்ணில் இருந்தது முழுக்க முழுக்க பயம்.

4. பிழைத்த பூனை

மிளகைக் கிளினிக்குக்குத் தூக்கி வந்துவிட்டேன். வாந்தி அடங்கியதும் கரித்தூள் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். ட்ரிப் மெதுவாக ஏற்றினோம். இந்தக் கேஸில் சத்துக்கு என்று நினைத்துக் கால்சியம் ஏற்றிவிடாதீர்கள், நெஞ்சு நின்றுவிடும். மிளகு குறைவாகத்தான் குடித்திருந்தது போல. நாலைந்து நாளில் தேவராஜின் கையைப் பிறாண்டுகிற அளவுக்குத் தேறிவிட்டது.

திருப்பி அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. மாலதியும், "பிரசவம் ஆகிற வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம்" என்றாள்.

ஆடிக் கிருத்திகை வந்தது. அன்றைக்கு ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. மஞ்சள் வேட்டியும் மஞ்சள் புடவையுமாகப் பூக்காவடிகள் போய்க்கொண்டே இருக்கும். பம்பைச் சத்தம் கிளினிக் கண்ணாடியை அதிரவைத்துக்கொண்டிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு சரோஜம்மா உள்ளே வந்தார். மஞ்சள் புடவை, காலில் செருப்பில்லை, கையில் தட்டு, தட்டில் மலையிலிருந்து கொண்டுவந்த செவ்வரளி மாலை.

"மாலதிக்கு வலி எடுத்துடுச்சி. ஆஸ்பத்திரில சேத்துட்டோம். பிரஷர் ஏறிகினே இருக்குதாம். ஆப்பரேஷன்னு சொல்றாங்க. பூனையைக் குடுங்க டாக்டரம்மா."

"அம்மா, பூனைக்கும் பிரஷருக்கும்..."

"கமலாவுக்கும் இப்படித்தான் ஏறுச்சி. குடுங்க. தண்ணி குடிக்கக்கூட வேணாம். வூட்ல வந்து இருந்தா போதும். அதுக்கே தெரியும்."

"குடுக்க மாட்டேன்."

"என் பொண்ணுக்கு ஒண்ணு ஆயிட்டா நீங்க பதில் சொல்வீங்களா?"

பிரஷர் ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அது பொய்ப் பயம் இல்லை. தேவராஜ் என் காதோடு, "குடுத்துடலாம் மேடம். பொண்ணு உசுரு" என்றார்.

அப்போது கூண்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்த மிளகு எழுந்தது. கம்பிக்கு நடுவே முன்னங்காலை நீட்டி, தட்டில் இருந்த மாலையை நோக்கித் துழாவி, நீளமாக ஒரு குரல் கொடுத்தது.

"பாத்தீங்களா?" என்றார் சரோஜம்மா. "கூப்புடுது."

தொங்குகிற நார் எதுவானாலும் பூனை கையை நீட்டும். அதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்த நிமிஷம் என் பிடரி மயிர் சிலிர்த்தது, மறைக்க மாட்டேன். இவரிடம் விஞ்ஞானம் பேசினால் இன்றைக்கு எடுபடாது என்றும் அதே நிமிஷத்தில் தெரிந்தது.

"அந்தக் குழி இன்னும் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்குது."

"மூடலையா?"

"எப்படி மூடறது? வெட்டின குழியை வெறுமையா மூடக்கூடாது."

"அப்ப குழிதானே காத்துகினு இருக்குது. பூனையைத்தான் போடணும்னு முருகன் உங்ககிட்டச் சொன்னாரா? இந்தப் பூவைப் போட்டு மூடுங்க. சாமிக்குப் போட்டது, கால்லயும் படாது. இதைவிட நல்லதா எதைக் குடுப்பீங்க?"

அவர் தட்டில் இருந்த மாலையைப் புடவைத் தலைப்பால் மூடினார். பிறகு, "நீங்களும் வாங்க" என்றார்.

கிளினிக்கைத் தேவராஜிடம் விட்டுவிட்டு, காவடிகளுக்கு நடுவே நடந்து போனோம். அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் இல்லை. அவர் மாலையைக் குழிக்குள் இறக்கினார். குண்டானில் மிச்சமிருந்த பழைய பூத்தண்ணீரைக் கொண்டுவந்து அதன்மேல் ஊற்றினார். கையாலேயே மண்ணைத் தள்ள ஆரம்பித்தார். நானும் குனிந்து தள்ளினேன்.

பாதிக் குழி நிறைந்திருக்கும், என் போன் அடித்தது. மாலதியின் கணவர் பெயர் திரையில் வந்தது.

"எடுக்காதீங்க" என்றார் சரோஜம்மா. "முழுசா நெறையட்டும்."

நான் படித்தவள். விஷக் கேஸ்களுக்கு விஞ்ஞானப்படி காரணம் கண்டுபிடித்தவள். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. நான் எடுக்கவில்லை. இரண்டு கையாலும் மண்ணை வேகமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். மேடு கட்டி, அவர் உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்து, "ஆங், இப்ப பேசுங்க" என்ற பிறகுதான் மண்கையோடு திரும்பக் கூப்பிட்டேன்.

ஆப்பரேஷன் முடிந்திருந்தது. பெண் குழந்தை. மாலதிக்குப் பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தது. சரோஜம்மா மேட்டின்மேலேயே நெற்றியை வைத்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

5. இப்போது நான் கேட்பது

இளம் டாக்டர்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். பூனை விஷக் கேஸ் வந்தால் வீட்டில் என்ன செடி இருக்கிறது என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். வீட்டுக்குள் என்ன பூ வருகிறது, வாடினால் எங்கே போடுகிறீர்கள் என்று கேளுங்கள். கோயில் மாலை வரும். கல்யாண மண்டப மேடையிலிருந்து பொக்கே வரும், அதில் லில்லி இருக்கும். லில்லி மகரந்தம் மேலே உதிர்ந்து, பூனை உடம்பை நக்கினாலே கிட்னி போய்விடும். மழைக்காலத்தில் வேலியில் அழகாக இருக்கிறது என்று செங்காந்தளைப் பறித்து டம்ளரில் வைப்பார்கள், அதுவும் விஷம்தான். விலக்க முடிகிறதை விலக்கச் சொல்லுங்கள். விலக்க முடியாத சாமி பூ என்றால் உயரத்தில் மாட்டி, வாடியதும் மண்ணில் ஆழமாகப் புதைக்கச் சொல்லுங்கள். யார் காலிலும் படாது, எந்த வாயிலும் படாது.

இதை மறுபடி மறுபடி விளக்குகிற பொறுமை எனக்குக் கிடையாது. ஆனால் மலையடிவாரத் தெருவில் இன்றைக்கு எல்லா வீட்டிலும் பூவைப் புதைக்கிறார்கள். அது என் விளக்கத்தால் நடந்ததில்லை, சரோஜம்மா சொல்லி நடந்தது.

குழந்தைக்குப் பெயர் வைக்கிற அன்று மிளகைக் கொண்டுபோய் விட்டேன். கமலா என்றே பெயர் வைத்திருந்தார்கள். முருங்கையடியில் நாலாவது மேட்டுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. மிளகு அதன்மேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி முகர்ந்துவிட்டு, நேராக வந்து சரோஜம்மாவின் மடியில் படுத்துக்கொண்டது.

"இப்பவாவது நம்புறீங்களா, அரளித் தண்ணிதான்னு?" என்று கேட்டேன்.

"நம்புறேன் டாக்டரம்மா. நீங்க படிச்சவங்க, சரியாத்தான் இருக்கும்" என்றார். பூனையின் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே, மகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா இவளுக்கு வர்றது அன்னிக்கு வந்துச்சி. குழி நெறைஞ்சி இருந்ததைப் பாத்துட்டுத்தான் திரும்பிப் போச்சி."